செத்தவங்க பாட்டு கேக்குற சிலை

ஸ்டாக்ஹோம்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச சிலை எதுன்னு யாராவது கேட்டா யோசிக்கவே மாட்டேன், ஹோடோரியெட் சந்தை மைதானத்துல, அந்த நீலக் கலர் கான்சர்ட் ஹால் வாசல்ல நிக்கிற ஆர்ஃபியஸ்தான். கார்ல் மில்லெஸ்னு ஒரு ஸ்வீடன் சிற்பி செஞ்சது, 1936ல திறந்தாங்க, முழுக்க வெண்கலம், சுத்தி தண்ணித்தொட்டி. ஊர் சுத்திப் பாக்க வர்றவங்க நிறைய பேர் அது முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு "இங்கதானே நோபல் பரிசு குடுப்பாங்க"ன்னு கேட்டுட்டு நகர்ந்துடுறாங்க. நடுவுல அவ்ளோ உயரமா நிக்கிறவன் யாரு, காலுக்குக் கீழ எதுக்கு ஒரு நாய், சுத்தி மிதக்குற எட்டு பேர் யாரு, இதையெல்லாம் யாரும் கேக்குறதே இல்ல, அதான் இந்தப் பதிவு.

நோபல் விஷயம் உண்மைதான், அதையும் சொல்லிடுறேன். இந்த ஹால் 1926ல திறந்துச்சு, ஈவார் டெங்போம்னு ஒரு ஆர்க்கிடெக்ட் கட்டினது, அதுல இருந்து கிட்டத்தட்ட எல்லா வருஷமும் டிசம்பர் 10ந்தேதி பரிசு குடுக்குற விழா இங்கதான். 1930ல சி.வி. ராமன் இங்கதான் வாங்கினார், 1983ல சந்திரசேகர், 2009ல சிதம்பரத்துல பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். ராமன் வந்தப்போ வாசல்ல இந்த சிலை கிடையாது, மத்த ரெண்டு பேரும் வந்தப்போ இருந்துச்சு.

சரி, கதைக்கு வருவோம், ஏன்னா கதை தெரியாம இந்த சிலையைப் பாத்தா பாதிதான் புரியும். ஆர்ஃபியஸ் திரேஸ் நாட்டுக்காரன், அம்மா கலையோபி, கலைத் தேவதைகள்ல ஒருத்தி. கையில லையர்னு ஒரு நரம்பு வாத்தியம், அவன் வாசிச்சா மரமெல்லாம் கிட்ட வந்து நிக்குமாம், காட்டு மிருகமெல்லாம் படுத்துக் கேக்குமாம். கல்யாணம் ஆன கையோட அவன் பொண்டாட்டி யூரிடிஸி கால்ல பாம்பு கடிச்சு செத்துப் போயிடுறா. இவன் அழுது ஓயாம, உசிரோட யாரும் போகக்கூடாத பாதாள உலகத்துக்கே இறங்கிப் போறான், அங்க ராஜாவா ஹேடீஸ், ராணியா பெர்செபோனி, வாசல்ல மூணு தலை நாய் செர்பெரஸ். உள்ள போய் பாடுறான். அவங்க மனசு இரங்கி "கூட்டிட்டுப் போ, ஆனா மேல வெளிச்சத்துக்குப் போற வரைக்கும் திரும்பிப் பாக்கக் கூடாது"ன்னு ஒரே ஒரு கண்டிஷன் போடுறாங்க. கடைசி நேரத்துல, வாசலே தெரியுற தூரத்துல, பின்னாடி வர்றாளா இல்லையான்னு திரும்பிப் பாத்துடுறான். அவ மறுபடியும் கீழ போயிடுறா. அவ்ளோதான்.

இந்தக் கதையை ரோமானியக் கவிஞர்கள் ரெண்டு பேர் பெருசா சொல்லியிருக்காங்க, வெர்ஜிலும் ஓவிடும். திரும்பிப் பாக்குற கட்டத்தைத்தான் எல்லாரும் பேசுவாங்க, ஓவியம் வரையறவங்க, ஓபெரா எழுதுறவங்க எல்லாருக்கும் அதுதான் வேணும், புருஷன் பொண்டாட்டி, ஒரு நிமிஷ தவறு, மொத்தமும் போச்சு. எனக்கு என்னவோ ஓவிட் சொல்ற இன்னொரு இடம்தான் மனசுல நிக்கும். ஆர்ஃபியஸ் கீழ பாடும்போது, அங்க முடிவே இல்லாத தண்டனை அனுபவிச்சுட்டு இருந்தவங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு ஓவிட் ஒவ்வொண்ணா சொல்றார்: தண்ணிக்குள்ளயே நின்னுக்கிட்டு குடிக்க முடியாம தவிக்கிற டான்டலஸ், தண்ணியைப் புடிக்கக் கை நீட்டுறதையே விட்டுடுறான், இக்ஸியானைக் கட்டிவச்சிருக்கிற சக்கரம் சுத்தாம நின்னுடுது, ஈரலைக் கொத்தித் தின்னுட்டு இருந்த கழுகுங்க கொத்துறதை நிறுத்திடுதுங்க, காலத்துக்கும் பாறையை மலை மேல உருட்டிட்டே இருக்கிற சிசிஃபஸ் இருக்கான் பாருங்க, அவன் அந்தப் பாறை மேலயே உக்காந்துடுறான். பழிவாங்குற தேவதைங்க கன்னத்துல முதல் தடவையா கண்ணீர் வருது. வெர்ஜில் எழுதினதுல செர்பெரஸ் மூணு வாயையும் பொளந்தபடியே அப்படியே நின்னுடுது, குலைக்கக்கூட இல்ல.

அந்த சிசிஃபஸ் பாறை மேல உக்கார்றது எனக்கு அவ்ளோ பிடிக்கும். அவனுக்கு விடுதலை கிடைக்கல, பாட்டு முடிஞ்சதும் மறுபடி உருட்டத்தான் போறான், இருந்தாலும் அந்தப் பாட்டு நடக்குற நேரம் மட்டும் அவனுக்கு ஓய்வு. ஆர்ஃபியஸ் வந்தது யூரிடிஸிக்காக, அவளைக் கூட்டிட்டுப் போகவும் அவனால முடியல, ஆனா அவன் கணக்குலயே இல்லாத எத்தனையோ பேர் அன்னைக்கு ஒரு பாட்டு கேட்டாங்க. மில்லெஸ் பிடிச்சது இந்த இடத்தைத்தான்னு நான் நம்புறேன், ஏன்னா இந்த சிலையில திரும்பிப் பாக்குற ஆர்ஃபியஸ் கிடையாது, தோத்துப் போன ஆர்ஃபியஸும் கிடையாது. பாடிட்டு இருக்கிற ஆர்ஃபியஸ், கேட்டுட்டு இருக்கிற செத்தவங்க, அவ்ளோதான் மொத்த சிலையும்.

கிரேக்கர்கள் செத்தவங்களை எப்படி நினைச்சாங்கன்னு தெரிஞ்சா இது இன்னும் அழுத்தமா இருக்கும். அவங்க கதைகள்ல பெரும்பாலானவங்களுக்கு செத்த பிறகு சொர்க்கமும் இல்ல, நரகமும் இல்ல, சும்மா நிழலா, பலம் இல்லாம, யாருன்னு ஞாபகம்கூட சரியா இல்லாம அலைஞ்சுட்டு இருப்பாங்க. ஹோமர் கதையில ஒடிசியஸ் அந்த உலகத்து வாசலுக்குப் போய் செத்துப்போன தன்னோட அம்மாவைப் பாக்குறான், மூணு தடவை கட்டிப்பிடிக்கப் போறான், மூணு தடவையும் கைக்குள்ள ஒண்ணும் சிக்காம நழுவிப் போயிடுறா. பெரிய வீரன் அகிலீஸ் வந்து, இங்க செத்தவங்களுக்கெல்லாம் ராஜாவா இருக்கிறதை விட பூமியில ஒண்ணுமில்லாதவன் வயல்ல கூலி வேலை பாக்கலாம்னு சொல்றான். அந்த மாதிரி வெறும் நிழலா கிடக்குறவங்க காதுல ஒரு நாள் பாட்டு விழுந்தா என்ன ஆகும்? அதைத்தான் சுத்தி நிக்கிற எட்டு உருவமும் காட்டுது.

நாலு ஆண், நாலு பெண். எல்லாரும் ஒல்லியா, நீளமா, கைகால் எல்லாம் மேல இழுத்துவிட்ட மாதிரி. தூக்கத்துல இருந்து எழுந்துக்கிறப்ப உடம்பு எப்படி இருக்கும், கழுத்து முதல்ல முழிச்சுக்கும், முதுகு இன்னும் தூங்கிட்டே இருக்கும், அந்த நிலைமை சில உருவங்கள்ல அப்படியே இருக்கு. ஒருத்தன் கையில ஒரு பறவை இருக்கு. யாருமே பக்கத்துல இருக்கிறவங்களைப் பாக்கல, ஒவ்வொருத்தரும் தனியா கேக்குறாங்க. நான் மார்க்கெட்ல காய்கறி வாங்கிட்டு அந்தப் பக்கமா நடந்து வரும்போது ஒவ்வொரு தடவையும் தொட்டியை ஒரு சுத்து சுத்திட்டுத்தான் போவேன், ஏன்னா ஒரே இடத்துல நின்னா இதைப் பாக்கவே முடியாது, ஒருத்தரோட முதுகு இன்னொருத்தரோட முகத்தை மறைக்கும், ரெண்டு அடி நகர்ந்தா வேற ஒரு கை வானத்துல தெரியும்.

அதுல ஒரு ஆணோட முகம் ஜெர்மன் இசையமைப்பாளர் பீத்தோவன் ஜாடையில இருக்கு. இதை யாரும் எடுத்துச் சொல்லாட்டியும், பீத்தோவன் படம் பாத்தவங்களுக்கு அந்த நெத்தியும் தாடையும் சட்டுனு பிடிபட்டுடும். பீத்தோவனுக்கு முப்பது வயசு ஆகுறதுக்கு முன்னாடியே காது போக ஆரம்பிச்சிடுச்சு, 1824ல அவரோட ஒன்பதாவது சிம்ஃபனி வியன்னாவுல முதல் தடவை அரங்கேறினப்போ ஜனங்க தட்டின கைதட்டல் அவருக்குக் கேக்கல, பாடகி ஒருத்தி அவரைக் கூட்டத்தைப் பாத்து திருப்பி விட வேண்டியிருந்துச்சுன்னு சொல்வாங்க. அந்த மனுஷன் உசிரோட இருந்தப்போ கேக்காத காது, செத்தப்புறம் பாதாளத்துல ஆர்ஃபியஸ் பாட்டுக்குத் திறக்குது. மில்லெஸ் இதை எங்கயும் பலகை எழுதி விளக்கி வைக்கல. எட்டு பேர்ல ஒருத்தரா கூட்டத்தோட கூட்டமா வச்சிருக்கார், பீத்தோவன்னு தனியா உயரத்துல தூக்கி வைக்கல, அதுதான் எனக்கு ரொம்ப சரியா படுது.

நடுவுல இருக்கிற ஆர்ஃபியஸ் மத்தவங்களை விட ரொம்பப் பெரிய உருவம், கீழ நின்னு பாத்தா கழுத்து வலிக்கும். லையரை உயர்த்திப் பிடிச்சிருக்கான், முகம் சாதாரண மனுஷ முகம் மாதிரி இருக்காது, ரொம்பப் பழைய கிரேக்க சிலைகள்ல வர்ற இறுக்கமான கண்ணும் உதடும். மில்லெஸ் பழைய கிரேக்க ரோமானிய சிற்பங்களை வாங்கிச் சேத்து வச்சவர், அந்தப் படிப்பு இதுல நல்லாவே தெரியுது. காலுக்குக் கீழ செர்பெரஸ். நமக்கு இதைப் பாத்ததும் நடராஜர் காலுக்குக் கீழ முயலகன் ஞாபகம் வராம இருக்காது, எனக்கு முதல்ல வந்தது அதுதான். ஆனா நல்லா பாத்தா வித்தியாசம் இருக்கு, முயலகனை அழுத்தி மிதிச்சிருக்கும், இங்க நாயை நசுக்குறது மாதிரி தெரியல, அது பாட்டுல கட்டுண்டு கிடக்கு, அது மேல ஏறி நிக்க அவனால முடியுதுன்னா அதுக்குக் காரணம் பலம் கிடையாது, பாட்டு. மில்லெஸ் நடராஜரைப் பாத்துதான் இதைச் செஞ்சார்னு நான் சொல்ல வரல. ஆனா அவர் இளவயசுல பாரிஸ்ல ரோடேன்னு ஒரு பெரிய பிரெஞ்சு சிற்பிகிட்ட வேலை பாத்தவர், அந்த ரோடேன் சென்னை மியூசியத்து நடராஜர் வெண்கலங்களோட போட்டோவைப் பாத்து உருகி 1913ல எழுதி வச்சவர், அது 1921ல அச்சாச்சு. வெண்கலத்துல அசைவை எப்படி நிறுத்தி வைக்கிறதுன்னு அவங்க எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் சுத்திட்டு இருந்திருக்காங்க.

வெண்கலம்னு சொன்னேன்ல, இந்த சிலை வேற எதுலயும் வந்திருக்காது. கல்லுல செதுக்குற சிலைக்குக் கணுக்கால் பலவீனம். பளிங்குல ஒரு ஆளை நிக்க வைக்கணும்னா பக்கத்துல ஒரு மரக்கட்டையோ தூணோ செதுக்கி காலோட ஒட்ட வைக்கணும், இல்லன்னா மொத்த எடையும் கணுக்கால்ல இறங்கி முறிஞ்சு போயிடும். மியூசியங்கள்ல ரோமானிய பளிங்கு சிலைகளைப் பாருங்க, நிறைய சிலைங்க கால் ஓரமா சம்பந்தமே இல்லாம ஒரு அடிமரம் நிக்கும், ஏன்னா அதுல பல சிலைங்க கிரேக்க வெண்கலத்தைப் பாத்து கல்லுல காப்பி எடுத்தது, வெண்கலத்துல தேவைப்படாத முட்டு கல்லுக்குத் தேவைப்பட்டுச்சு. வெண்கலம்னா செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம், இழுவிசையைத் தாங்கும், உள்ள வெற்றிடமா மெல்லிசா வார்க்கலாம், எடை குறையும், உள்ள இரும்புக் கம்பி குடுத்து நிறுத்தலாம். சோழர் காலத்து உற்சவ மூர்த்திங்க உள்ளயும் கெட்டியா வார்த்தது, அது தோள்ல தூக்கிட்டுப் போற அளவு. ஆளை மிஞ்சுற உயரத்துக்கு சிலை செய்யணும்னா ஐரோப்பிய முறையில உள்ள வெற்றிடமா வார்த்து, துண்டு துண்டா எடுத்து, சேத்து, சேந்த இடம் தெரியாம ராவி விடுவாங்க.

இந்த எட்டு பேருக்கும் காலுக்குக் கீழ ஒரு சின்னத் தாங்கல் தவிர வேற எதுவும் கிடையாது, தள்ளி நின்னு பாத்தா தண்ணிக்கு மேல சும்மா எழும்பி நிக்கிற மாதிரி இருக்கும். மில்லெஸுக்கு வாழ்நாள் பூரா இதுதான் ஆசை, சிலையைத் தரையில இருந்து பிரிக்கணும், பின்னாடி வானம் மட்டும் இருக்கணும். வேற சிலைகள்லயும் உசரமான கம்பத்து உச்சியில ஆளை நிறுத்துறது, குதிரையைப் பறக்க விடுறதுன்னு பண்ணியிருக்கார், அதுல சிலது எனக்கு வித்தை காட்டுற மாதிரி படும். இங்க அப்படிப் படல, காரணம் இங்க எடை இல்லாம இருக்கிறவங்க செத்தவங்க. ஒடிசியஸ் கைக்குள்ள சிக்காம நழுவின அந்த நிழலுங்கதான் இவங்க, அதை செய்ய எடுத்தது இவ்ளோ கனமான உலோகம், தொட்டா ஜில்லுன்னு இருக்கும், கையால தட்டினா உள்ள வெறுமையா ஒரு சத்தம் வரும்.

கலர் பத்தியும் சொல்லணும். புதுசா வார்த்த வெண்கலம் பொன் கலந்த பழுப்பா இருக்கும், மழையும் காத்தும் பட்டு களிம்பு ஏறி பச்சையாகும். இந்த சிலையில அந்தப் பச்சை ஒரே சீரா இல்ல. மழைத்தண்ணி ஓடுற வழியெல்லாம் வெளிர் பச்சைக் கோடு, தண்ணி படாத அக்குள், தாடைக்கு அடியில, தொடைக்கு உள்பக்கம் இதெல்லாம் கருத்துக் கிடக்கும். அதனால மேகமூட்டமான நாள்லகூட உடம்புல வெளிச்சமும் நிழலும் இருக்கிற மாதிரி தெரியும். குளிர்காலத்துல தண்ணியை நிறுத்திடுவாங்க, மூணு மணிக்கே இருட்டிடும், பனி மேல் நோக்கித் திருப்பின முகத்துல எல்லாம் விழுந்து கிடக்கும், அப்போ பாக்குறதுக்கு வேற சிலை மாதிரி இருக்கும், கோடைக்காலத்துல தண்ணி ஓடி, பழம் விக்கிறவங்க கத்திட்டு, படிக்கட்டுல பசங்க ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு இருக்கும்போது அது வேற. எனக்கு கோடைதான் பிடிக்கும், சுத்தி இவ்ளோ சத்தம் இருக்கும்போது அந்த எட்டு பேர் கேக்குறது என்னன்னு தோணும்.

மில்லெஸ் பத்தி கொஞ்சம். 1875ல உப்சாலா பக்கம் லாகான்னு ஒரு ஊர்ல பிறந்தவர், வேலைக்காக சிலி நாட்டுக்குக் கிளம்பி வழியில பாரிஸ்ல இறங்கி அங்கயே தங்கிட்டார், கையில காசு இல்லாம தச்சு வேலை பாத்திருக்கார், சவப்பெட்டி கூட செஞ்சிருக்கார்னு சொல்வாங்க. கல் தூசி நுரையீரல்ல போய் ரொம்ப அவதிப்பட்டார். 1931ல இருந்து இருபது வருஷம் அமெரிக்காவுல மிச்சிகன்ல கிரான்புரூக் கலைப்பள்ளியில இருந்தார், ஆர்ஃபியஸ் ஸ்டாக்ஹோம்ல திறந்தப்போ அவர் வேலை அங்கதான். 1955ல செத்தார். அவரோட வீடு, லீடிங்யோ தீவுல தண்ணிக்கு மேல மாடி மாடியா இறங்குற தோட்டம், இப்போ மில்லெஸ்கோர்டன்னு மியூசியமா இருக்கு, அவரையும் அவர் மனைவி ஓல்காவையும் அங்கயே புதைச்சிருக்காங்க. அவரைப் பத்தி எழுதும்போது இதையும் விடக்கூடாது: அவருக்கு முசோலினி மேலயும் ஹிட்லர் மேலயும் அபிமானம் இருந்திருக்கு, அவரோட கடிதங்கள்ல அது இருக்கு, ஸ்வீடன்ல அதைப் பத்தி நிறைய பேசியிருக்காங்க. எனக்கு அது மனசுக்கு ரொம்பக் கஷ்டமான விஷயம். அந்த எட்டு பேரோட முகத்தை அவ்ளோ மென்மையா செஞ்ச கை அந்தக் கடிதங்களையும் எழுதியிருக்கு. சிலை பிடிக்கும்ங்கிறதுக்காக இதை மறைச்சுட்டுப் போக என்னால முடியாது.

கிரான்புரூக்னு சொன்னேன்ல, அங்கயும் ஒரு ஆர்ஃபியஸ் நீரூற்று இருக்கு, இந்தக் கதையில எனக்கு ரொம்ப ஆச்சரியமான பகுதி அதுதான். எலியல் சாரினென் வடிவமைச்ச அந்த வளாகத்துல இதே எட்டு உருவமும் வட்டமா நிக்குது, நடுவுல ஆர்ஃபியஸ் மட்டும் இல்ல. நாயும் இல்ல, லையரும் இல்ல. எட்டு பேர் தண்ணியைச் சுத்தி நின்னு கேட்டுட்டு இருக்காங்க, பாடுறவன் இல்ல. நான் போட்டோவுலதான் பாத்திருக்கேன், இருந்தாலும் அதைப் பாத்ததுக்கு அப்புறம் ஸ்டாக்ஹோம் சிலையை நான் பாக்குற விதமே மாறிடுச்சு. பேர் ஆர்ஃபியஸ் பேர்தான், ஆனா அவனை எடுத்துட்டாலும் சிலை முழுசா நிக்குது. கேக்குறவங்களை எடுத்துட்டு அவனை மட்டும் விட்டா என்ன மிஞ்சும்? பெரிய பச்சை மனுஷன் ஒருத்தன் ஒரு நாய் மேல. அவ்ளோதான். யூரிடிஸி இந்த நாலு பெண்கள்ல ஒருத்தியான்னு சிலர் தேடுவாங்க, நான் தேடுறதில்ல. அவளா இருந்தாலும் மத்த மூணு பேரை விட அவளுக்கு அதிகமா எதுவும் குடுக்கல, எல்லாருக்கும் அதே பாட்டு.

ரெண்டுல எது பிடிக்கும்னா, துணிச்சலான வேலை கிரான்புரூக்தான். ஆனா என் ஓட்டு ஸ்டாக்ஹோமுக்கு, நாய் இருக்கிறதால. செர்பெரஸ் இருந்தாதான் இது எந்த இடம், இவங்க எங்க கிடந்தாங்கன்னு தெரியும், இல்லன்னா தோட்டத்துல குளிக்க வந்தவங்க மாதிரி ஆயிடும்.

ஸ்டாக்ஹோம் வர்றவங்க மெட்ரோ பச்சை லைன்ல ஹோடோரியெட்ல இறங்குங்க, மேல ஏறினா எதிர்லயே இருக்கு, டிக்கெட் எதுவும் வேண்டாம். முதல்ல தூரத்துல சந்தை நடுவுல நின்னு மொத்தமா ஒரு தடவை பாத்துடுங்க, அப்புறம் தொட்டி ஓரமா வந்து சுத்துங்க. பறவை வச்சிருக்கிறவனையும் பீத்தோவனையும் நீங்களே கண்டுபிடிங்க, எந்தப் பக்கம்னு நான் சொல்ல மாட்டேன். அரை நாள் கூடுதலா இருந்தா மில்லெஸ்கோர்டனுக்கும் போயிட்டு வாங்க, ரோப்ஸ்டன் வரைக்கும் மெட்ரோ, அங்க இருந்து பஸ். அங்க போயிட்டு வந்தவங்க கமென்ட்ல எழுதுங்க, கிரான்புரூக் சிலையை நேர்ல பாத்தவங்க யாராவது இருந்தா கண்டிப்பா எழுதுங்க, நடுவுல ஆர்ஃபியஸ் இல்லாதது நேர்ல எப்படி இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சே ஆகணும்.